அவனா, அவளா என்று சொல்லாத மொழி

9 ஜூன் 2025, நாமக்கல்

செந்தமிழன் சார் காலையில் எங்கள் இருவரையும் கூப்பிட்டார். வெளிநாடு போகிறவர்களுக்கு மொழி சொல்லித்தரும் மையம் அவருடையது. கஜகஸ்தானுக்கு டாக்டர் படிக்கப் போகிற பிள்ளைகளுக்கு நான் கசாக் எடுக்கிறேன். செக் நாட்டுக்கு வெல்டிங் வேலைக்குப் போகிறவர்களுக்கு என் வீட்டுக்காரர் சகாயராஜ் செக் எடுக்கிறார். சனிக்கிழமை பெற்றோர் வருகிறார்கள். இரண்டு மொழியையும் ஒப்பிட்டு ஆளுக்கு அரைமணி பேச வேண்டுமாம்.

நான் கஜகஸ்தானில் அல்மாட்டியில் மூன்று வருடம் படித்து, அப்பா இறந்ததும் பாதியில் திரும்பியவள். சகாயராஜ் செக் நாட்டில் ப்ர்னோவில் நாலு வருடம் பஸ் பாடி கட்டியவர். வெளியே வந்ததும் "என்னை மிஞ்சிப் பேசாத" என்றார்.

14 ஜூன்

பேசிவிட்டேன். பலகையில் எழுதினேன்: மென் உய்கெ பாராமின். நான் – வீட்டுக்கு – போகிறேன். நம் 'க்கு' நிற்கிற இடத்திலேயே அவர்களுடைய 'கெ' நிற்கிறது, வினை கடைசியில் வருகிறது. செக்கில் 'ய்து தொமூ': போகிறேன் வீட்டுக்கு. அதற்காகச் செக் தூரம் என்று நினைக்காதீர்கள், போனான், போனாள் என்று பிரித்துச் சொல்வது செக்கிலும் உண்டு, கசாக்கில்தான் இல்லை என்றும் சொன்னேன். அது என் வீட்டுக்காரருக்காகச் சொன்னது.

பின்வரிசையில் ஒருத்தர் எழுந்தார். "ஏனுங்க சார், அப்ப அக்கா பாஷதான் நம்மளுது மாதிரி இருக்குதுங்க. உங்களுது தலகீழா நிக்குது."

எல்லோரும் சிரித்தார்கள். சகாயராஜும் சிரித்தார். வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தினார்.

15 ஜூன்

இடது காதில் இரைச்சல் நிற்கவில்லை. ஞாயிறு பூசைக்குப் போகவில்லை.

20 ஜூன்

அய்கெரிம் அல்மாட்டியிலிருந்து பேசினாள். என்னோடு ஒரே அறையில் இருந்தவள். குரலைக் கேட்டதுமே என்ன என்றாள். "வொல் மெனி உர்தி" என்றேன். என்னை அடித்துவிட்டார்.

"வொல்? யார், புருஷனா மாமியாரா?"

கசாக்கில் வொல் என்றால் அவனும்தான், அவளும்தான், அதுவும்தான். போனை வைத்துவிட்டேன். சொன்ன மாதிரியும் இருந்தது, யாரையும் காட்டிக்கொடுக்காத மாதிரியும் இருந்தது. யாரைக் காப்பாற்றுகிறேன்?

3 ஜூலை

சகாயராஜுக்குக் கசாக் தெரியாது. அதுதான் அவனுக்குப் பொறுக்கவில்லை. "அவகிட்ட என்னைப் பத்தி என்ன சொன்ன? தமிழ்ல சொல்லு" என்று போனைப் பிடுங்கிச் சுவரில் அடித்தான். அப்புறம் என் தலையை.

வகுப்பில் வேடிக்கையாகச் சொல்லித்தருகிற செக் வாக்கியம் ஒன்று அவனிடம் உண்டு: ஸ்ட்ர்ச் ப்ர்ஸ்ட் ஸ்க்ர்ஸ் க்ர்க். ஒரு உயிரெழுத்துகூடக் கிடையாது. தமிழில் எழுதினால் எல்லா எழுத்தின் தலையிலும் புள்ளி. தொண்டைக்குள்ளே விரலை விட்டுக் குத்து என்று அர்த்தம். அதைச் சொல்லிக்கொண்டே செய்தான். இரண்டு விரல். ரத்தமாக வாந்தியெடுத்தேன்.

பக்கத்து அறையில் அத்தை, அவனைப் பெற்றவர், டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார்.

4 ஜூலை

குரல் இல்லை. பலகையில் எழுதியே வகுப்பை முடித்தேன். சேந்தமங்கலத்துப் பெண் அறிவுச்செல்வி கிட்டே வந்து, "அக்கா, கழுத்துல என்னங்க?" என்றாள். புடவைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டேன்.

19 ஜூலை

எழுதியே ஆக வேண்டும்.

இரண்டு மொழிக்கும் சேர்த்து ஒரு சிறு புத்தகம் எழுதித்தரச் சொல்லியிருந்தார் சார். அறுபது பக்கம் முடித்திருந்தேன். மத்தியானம் அவன் அந்த நோட்டைக் கேஸ் அடுப்பில் வைத்துக்கொண்டிருந்தான். பிடுங்கப் போனேன். என் இடது கையைப் பிடித்து எரிகிற பர்னர்மேல் அமுக்கினான். "எடுத்துக்க. எடு பாக்கலாம்."

தோசைக்கல் வலது கைக்கு எட்டியது. நெற்றியில் அடித்தேன். கீழே விழுந்தான். விழுந்த பிறகும் ஒரு அடி அடித்தேன். அந்த இரண்டாவது அடிக்கு அவசியமே இல்லை. தெரிந்துதான் அடித்தேன்.

தரையெல்லாம் ரத்தம். அவனுக்கு ஒன்பது தையல்.

தமிழில் 'அடித்தேன்' என்றால் ஆணா பெண்ணா என்று தெரியாது. கசாக்கில் 'உர்திம்', அதிலும் தெரியாது. செக்கில் 'உதெர்ஷிலா'. அந்த 'லா' போதும், அடித்தது பெண் என்று வினையே சொல்லிவிடும். ஆஸ்பத்திரி பெஞ்சில் உட்கார்ந்து இதையா யோசித்தேன்? இதைத்தான் யோசித்தேன்.

21 ஜூலை

என்மேல் அவன் புகார் கொடுத்தான். அவன்மேல் நான் கொடுத்தேன். அத்தையை மகளிர் ஸ்டேஷனுக்கு வரச் சொன்னார்கள். முழுப் பெயர் மரியபுஷ்பம், வயது அறுபத்து நாலு.

"அவன் அடிச்சானாமுங்க" என்றார்.

இன்ஸ்பெக்டரம்மா பேனாவைக் கீழே வைத்தார். "'னாம்' எல்லாம் வேண்டாம்மா. நீங்க பாத்தீங்களா, யாராச்சும் சொன்னாங்களா?"

கசாக்கிலும் அப்படித்தான். 'உர்தி' என்றால் அடித்தான். 'உரிப்தி' என்றால் அடித்தானாம், எனக்குத் தெரியாது. செக்காரர்களுக்கு அதற்குத் தனிச் சொல் வேண்டும். நமக்கும் கசாக்குகளுக்கும் வினையின் வாலே போதும், அதற்குள் ஒளிந்துகொள்ளலாம். எங்களுக்குக் கல்யாணமாகி மூன்று வருடமாக அத்தை அங்கேதான் இருந்தார்.

அத்தை நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "அடிச்சானுங்க. கல்யாணமான நாள்ல இருந்து அடிக்கிறான். அன்னைக்கு சமையக்கட்டு வாசல்ல நின்னு பாத்தேன், கையை நெருப்புல வெச்சு அமுக்குனான்." என் பக்கம் கையைக் காட்டினார். "இவளும் அடிச்சா. விழுந்தவனை அடிச்சா. அதையும் பாத்தேனுங்க."

இரண்டையும் எழுதிக்கொண்டார்கள். இரண்டும் உண்மை.

24 ஆகஸ்ட்

அவன் ஜாமீனில் சேலத்தில் அண்ணன் வீட்டில் இருக்கிறான். என் வழக்கும் நடக்கிறது. பரமத்தி ரோட்டில் ஒரு அறை பிடித்திருக்கிறேன். இடது கையில் இரண்டு விரல் மடங்கவில்லை.

பூசை முடிந்து வந்து அரிசி களைந்துகொண்டிருந்தேன். வாசலில் அத்தை. கையில் துணிப்பை.

"அண்ணங்காரன் ஊட்டுக்கு வரச் சொல்றாங்க. நான் போகல." அப்புறம், "உள்ள வரட்டுமா சாமி?"

அன்றைக்கு அவர் கூட்டி வைத்த டிவி சத்தம் காதில் கேட்டது. வெயில் அவர் தலைமேல் இருந்தது.

இன்னும் ஒரு ஆழாக்கு அரிசி போட்டேன்.

அத்தை செருப்பைக் கழற்றினார்.