தென்கூடத்தின் பச்சை வட்டம்

நிலவுத் தளம். திங்கள், காலை 7.10

வடகூடம்: காற்று சரி, வெப்பம் சரி. இதை எடுத்துப் படிப்பவருக்கு: நான் மரிய புஷ்பம், வடகூடத்துச் சர்வரைப் பார்த்துக்கொள்பவள். தென்கூடத்துச் சர்வர் ஷர்மிளாவுடையது. இரண்டுமே காற்று விசிறிகளை ஓட்டுபவை. என்னுடையதில் கறுப்புத் திரையும் தட்டச்சு செய்யும் கட்டளைகளும்தான். அவளுடையதில் படங்கள், பட்டன்கள், எல்லாம் நலம் என்றால் ஒரு பச்சை வட்டம். வெள்ளிக்கிழமை தளபதி இஸ்மாயில் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பார். மற்றதும் அதன் ஆளும் அடுத்த கப்பலில் பூமிக்கு.

என் கருத்து: படம் வரையவே பாதி நினைவகத்தைத் தின்பது சர்வரே இல்லை. இரு கூடங்களின் எச்சரிக்கைகளும் என் திரைக்கு வரும்படி நானே எழுதினேன். ஓர் எச்சரிக்கையை ஐந்து நிமிடம் யாரும் திறக்காவிட்டால் இரு கூடத்திலும் மணி அடிக்கும். திறந்துவிட்டால் அடிக்காது. ஒருவர் கவனிக்கிறார் என்று அர்த்தம். மற்றவர்கள் நிம்மதியாக இருக்கட்டும்.

செவ்வாய், மதியம் 1.30

வானொலியில் தளபதி: "ஷர்மி, உன் திரையப் பார்த்தா எனக்கே புரியுதும்மா! புஷ்பத்தோடத பேய்தான் வந்து படிக்கணும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன்.

பிறகு ஷர்மிளா: "அக்கா, என் பேனல்ல உங்களுக்கும் முழு அனுமதி தரட்டா? அவசரத்துக்கு உதவும்."

"வேண்டாம்மா, எனக்குப் பட்டன் தேடத் தெரியாது."

பார்க்கும் அனுமதியை மட்டும் வாங்கிக்கொண்டேன். குறை கண்டுபிடிக்க அது போதும்.

புதன், மாலை 6.00

கல்லூரி ஆய்வகத்தில் நல்ல கணினிகளில் முந்திப்போய் உட்காருகிறவர்கள் இருந்தார்கள். எனக்கு எப்போதும் மூலையில் கிடந்த, மவுஸ் வேலை செய்யாத கணினி. கட்டளைகளை அதில்தான் கற்றேன். ஷர்மிளா எதையும் மனப்பாடம் செய்ததில்லை. இருந்தும் தளம் முழுக்க அவள் கூடத்தில்தான் டீ குடிக்கிறது. நான் போவதில்லை. எத்தனை மணிக்கு என்றுகூடக் கேட்டதில்லை.

வியாழன், மாலை 4.09

தென்கூட விசிறி நின்றுவிட்டது. எச்சரிக்கை வந்ததுமே திறந்து பார்த்தேன். நினைவகம் தீர்ந்து அவள் பேனல் உறைந்திருக்கிறது, நான் சொன்னதுபோலவே. கடைசியாக வரைந்த பச்சை வட்டத்தையே காட்டிக்கொண்டிருக்கும்.

ஐந்து மணிக்குத் தளபதி அங்கே ஆய்வுக்குப் போகிறார். வட்டம் பச்சையாக இருக்க, காற்று புழுங்குவதை அவரே உணரட்டும். உள்ளே இருப்பவள் ஒருத்தி. ஆறு வரை தாங்கும். கணக்குப் போட்டுவிட்டேன்.

4.41

தளபதி: "புஷ்பம்... நீயும் டீக்கு வந்திருக்கலாமே. எட்டுப் பேரும் இங்கதான்... ஏம்மா, எல்லாருக்கும் தலை கிறுகிறுங்குது. ஷர்மி தூங்கியே போயிட்டா. வட்டம் பச்சையாத்தானே இருக்கு?"

"சார், வெளிய வாங்க! கதவத் திறங்க சார்!"

வானொலியில் ஒரு கோப்பை விழுந்து உருளும் சத்தம்.

ஒருத்திக்குப் போட்ட கணக்கு.

4.58

தென்கூடக் கதவுக்கு வெளியே நிற்கிறேன். உள்ளிருந்துதான் திறக்கும். இல்லையென்றால் முழு அனுமதி வேண்டும். விசிறியை ஓட்டும் கட்டளை எனக்கு மனப்பாடம். கையில் கொண்டுவந்த சிறு கணினியில் அடித்துக்கொண்டே இருக்கிறேன். அனுமதி இல்லை. அனுமதி இல்லை.

கண்ணாடி வழியே பச்சை தெரிகிறது. ஷர்மிளாவின் கை மவுஸ் மேல்.

மணி ஏன் அடிக்கவில்லை? இவ்வளவு நேரமாகியும் ஏன்

எச்சரிக்கைப் பதிவில் தேடினேன். என் திரை எதையும் மறைக்காது.

எச்சரிக்கை: தென்கூட விசிறி. திறந்தவர்: புஷ்பம். மணி: தேவையில்லை.