ஜெயதீபனின் மணிக்கூடு

வென்ட்வேர்த்வில், சிட்னி
11.08.2025

அன்புள்ள கமலா அக்காவுக்கு,

போன வியாழக்கிழமை, ஊரில், போர்க்காலத்தில் எங்கள் முன்னரண் இருந்த காணியில் தண்ணீர்க் குழாய் பதிக்கத் தோண்டியபோது எலும்புகளும் ஒரு கழுத்துத் தகடும் வெளிவந்தன. தகட்டை நேரில் பார்த்தவர், அங்கே காணாமற்போனோருக்காக வழக்காடும் சட்டத்தரணி சுஜீவா. படத்தையும் அவரே அனுப்பினார். அதிலுள்ள இலக்கம் உங்கள் மகன் ஜெயதீபனுடையது. என் பிரிவில் இருந்த நாற்பத்திரண்டு பேரின் இலக்கமும் எனக்கு இன்னும் மனப்பாடம்.

2008 ஐப்பசியில் அந்த அரணில் காவலுக்குப் போன ஜெயதீபனும் முரளிதரனும் திரும்பி வரவில்லை. கிடைத்தது ஒரு உடல். முகமும் இல்லை, தகடும் இல்லை. கையில் ஜெயதீபனின் மணிக்கூடு இருந்தது. அதைப் பார்த்து அவன் பெயரை எழுதி, பெட்டியை மூடி, திறக்கவேண்டாம் என்று சொல்லி, மணிக்கூட்டோடு உங்களுக்கு அனுப்பியவன் நான். முரளிதரனைக் காணாமற்போனவன் என்று பதிந்தேன்.

நீங்கள் புதைத்தது முரளியை, அக்கா.

வாத்தியார் வேலையை விட்டு நானாகத்தான் படைக்குப் போனேன். ஒருவரும் இழுத்துக்கொண்டு போகவில்லை. இந்தப் பிழையையும் வேறொருவர் தலையில் போட வழியில்லை. மன்னிப்புக் கேட்கிறேன்.

கதிர்காமநாதன்

மெல்பேர்ண்
24.08.2025

தம்பி நாதனுக்கு,

சுகமாயிருக்க வேண்டும். உங்கள் கடிதத்தை மகள் கஜந்திதான் எடுத்துவந்தாள். "இந்தக் காலத்தில ஆரம்மா உங்களுக்குக் கடிதம் போடுறது? லவ் லெட்டரோ?" என்று சிரித்தாள். அவளுக்கு இன்னும் சொல்லவில்லை.

மணிக்கூட்டைக் கண்ட அன்றே எனக்குத் தெரியும். அதற்கு நாலு நாள் முன்னம் தீபனின் கடிதம் வந்தது. "அம்மா, முரளி சென்றிக் காவலுக்குப் போகேக்க என்ரை மணிக்கூட்டைத்தான் கட்டிக்கொண்டு போறவன். மாப்பிள்ளை நடை நடக்கிறான். திருப்பித் தருவானோ தெரியாது" என்று எழுதியிருந்தான்.

ஒருவருக்கும் சொல்லவில்லை. சொன்னால் நீங்கள் தேடுவீர்கள். தேடினால் அவன் உடலை எடுத்துவிடுவீர்கள். தேடாத வரைக்கும் என் பிள்ளை எங்கேயோ இருந்தான்.

இங்கே வந்த நாள் முதல் த பேசின் என்ற இடத்துக் கோயிலில் பிள்ளையாரிடம் அவன் நட்சத்திரம் சொல்லி அர்ச்சனை செய்கிறேன், உயிரோடு இருக்கிற பிள்ளைக்குச் செய்வதுபோல. கஜந்தி திவசத்துக்குச் சமைத்தால் தலையிடி என்று படுத்துவிடுவேன்.

போன வருடம் செய்தியில் முரளியின் தாயைக் கண்டேன். காணாமற்போன பிள்ளைகளைக் கேட்டுப் போராடும் தாய்மாரோடு, தெருவோரக் கொட்டிலில் மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. டிவியை நிறுத்தினேன். அவவின் பிள்ளை எங்கே கிடக்கிறான் என்று தெரிந்த ஆள் நான் ஒருத்திதான், தம்பி.

இனி எனக்கு எழுதவேண்டாம். அவவுக்கு எழுதுங்கோ. என் பெயரையும் விடாமல் எழுதுங்கோ.

கமலேஸ்வரி

வென்ட்வேர்த்வில், சிட்னி
15.09.2025

அக்காவுக்கு,

எழுதவேண்டாம் என்றீர்கள். இது தகவல் மட்டும்.

முரளியின் தாய்க்கான கடிதத்தை இன்று காலை பதிவுத் தபாலில் போட்டேன். போய்ச் சேர மூன்று கிழமை ஆகும் என்றார்கள். உங்கள் பெயரும் அதில் இருக்கிறது. நாலு தாள் கிழித்த பிறகுதான் எழுத முடிந்தது.

எலும்புகள் ஜெயதீபனுடையவைதானா என்று மரபணுச் சோதனையில் உறுதிசெய்ய உங்கள் எச்சில் வேண்டும் என்கிறார் சுஜீவா. எச்சில் எடுக்கும் சிறு குழாயும், அவர் முகவரி எழுதிய உறையும் இத்துடன் இருக்கின்றன. ஒக்டோபர் பத்துக்கு முன் கிடைத்தால் நவம்பர் கடைசியில் முடிவு வரும். கிடைக்காவிட்டால் தகட்டின் இலக்கம் மட்டும்தான் சாட்சி.

அர்ச்சனையை நிறுத்தச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. உறைக்கு முத்திரை ஒட்டியிருக்கிறேன்.

நாதன்