பேருந்து நிலையத்துக்குப் பின்னால் ஒரு அருவி

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும். போனில் பேசினால் எனக்கு அழுகை வந்துவிடுகிறது, உனக்கு மீட்டிங் வந்துவிடுகிறது. அதனால்தான் கடிதம். சுற்றுலாத் தகவல் மையத்துக் கவுண்டரில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன். வெயில் கொளுத்துகிறது, கூட்டம் இல்லை.

அப்பா விஷயம்தான். டாக்டர் சொன்ன மறதி நோய் முற்றிக்கொண்டு வருகிறது. ஆனால் நாடு முழுக்கப் பயணிகளைக் கூட்டிப்போய்க் காட்டிய கைடு இல்லையா, வேலை மட்டும் மறக்கவில்லை. காலையில் தேய்த்த சட்டையோடு பேருந்து நிலையத்துக்குப் போய்விடுவார். பையும் கையுமாக இறங்குகிறவர்களைப் பிடித்துக்கொள்வார். டாக்சியில் ஏறும் முன்பே வாடகை பேசிவிடுங்கள், பாஸ்போர்ட்டுக்கு ஒரு நகல் எடுத்துத் தனியாக வையுங்கள், சுத்தமான கழிப்பறை மாடியில் இருக்கிறது என்று எல்லாவற்றையும் அச்சுப் பிசகாமல் சொல்வார்.

வம்பே அதில்தான். இதெல்லாம் சரியாக இருப்பதால் மற்றதையும் நம்பிவிடுகிறார்கள். இவ்வளவு பெரிய நாட்டில் அவர் பார்த்ததெல்லாம் இப்போது நம் ஊருக்குள்ளேயே குடிவந்துவிட்டது. தபால் நிலையத்தை ஒட்டிப் பாலைவனக் கோட்டை. ரயில்வே கேட்டைத் தாண்டினால் பனிமலை. பேருந்து நிலையத்துக்குப் பின்னால் பெரிய அருவி. நம் ஊரில் குழாயிலேயே தண்ணீர் வருவதில்லை.

போன மாதம் கைக்குழந்தையோடு வந்த ஒரு தம்பதி அந்த அருவியைத் தேடி உச்சி வெயிலில் நடந்திருக்கிறார்கள். கிடங்குகளுக்கு நடுவே வழி தவறிச் சுற்றியதில் குழந்தை மயங்கிவிட்டது. ஆஸ்பத்திரியில் சேர்த்துக் காப்பாற்றிவிட்டார்கள். எங்கள் மேலாளர் என்னைக் கூப்பிட்டு, இன்னொரு முறை இப்படி நடந்தால் போலீசில் சொல்வதைத் தவிர வழியில்லை என்றார். மேலாளர் நம் அப்பாவிடம் தொழில் கற்றவர். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னார்.

நீ சொன்ன யோசனைகளையும் செய்து பார்த்துவிட்டேன். இருக்கும் இடத்தைக் காட்டும் கைக்கடிகாரம் வாங்கிக் கட்டினேன். அப்பா எங்கே நிற்கிறார் என்பது இப்போது போனிலேயே தெரிகிறது. எழுந்து போய்க் கூட்டிவரத்தான் ஆள் இல்லை. வீட்டோடு பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்தேன். முதல் நாளே அவரைப் பனிமலை பார்க்க அனுப்பிவிட்டார் அப்பா. மனிதர் போனவர் போனவர்தான். எழுதும்போது சிரிப்பு வருகிறது. வீட்டில் சிரிக்க முடிவதில்லை.

திங்கட்கிழமை அப்பா என் கவுண்டர் முன்னால் வரிசையில் நின்றார். தன் முறை வரும் வரை பொறுமையாக நின்று, கண்ணாடிக்கு அருகில் குனிந்து கேட்டார்.

"என் பொண்ணு இங்கதான் எங்கேயோ வேலை பாக்குதும்மா. கொஞ்சம் விசாரிச்சுச் சொல்றீங்களா?"

உட்காருங்க சார், வந்துடுவாங்க என்று மட்டும் சொன்னேன். நன்றி சொல்லிவிட்டு உட்கார்ந்துகொண்டார். வேலை முடியும் வரை அவர் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார், நான் அவரையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்று காலை அவரை வீட்டுக்குள் விட்டு வெளியே பூட்டிவிட்டு வந்தேன். கதவைத் தட்டினார். பஸ் வந்திருக்கும், ஆட்கள் காத்திருப்பார்கள், திறங்கள் என்றார். நான் தெருமுனை போகும் வரை தட்டும் சத்தம் கேட்டது. இதற்கு மேல் என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. யாரிடம் கேட்பது என்றும் தெரியவில்லை.

பணம் அனுப்பாதே. லீவு போட்டுவிட்டு வா. ரயிலில் வர எத்தனை நாள் ஆகும் என்று எனக்குத் தெரியும், அதைச் சொல்வதுதான் என் வேலை. கூட நடக்க ஒரு ஆள் இருந்தால் அந்தப் பூட்டைத் திறந்துவிடலாம்.

அப்பாவுக்கு உன்னை அடையாளம் தெரியாது. சுற்றிப் பார்க்க வந்தவன் என்றுதான் நினைப்பார். நான் உங்கள் மகன் என்று சொல்லி அவரைத் திண்டாட வைக்காதே. எங்கே கூட்டிப்போனாலும் பின்னாலேயே போ. எதைக் காட்டினாலும், ரொம்ப நன்றாக இருக்கிறது என்று சொல். அதைக் கேட்டால் அவர் முகம் எப்படி ஆகும் என்று உனக்குத் தெரியும்.

நல்லபடியாக வந்து சேர். தண்ணீர் பாட்டிலை மறக்காதே.

உன் வழி பார்த்திருக்கும்,
அக்கா