கண்காம்பை நறுக்கும் முன்

என் தங்கமே,

நானும் அப்பாவும் இங்கே சுகம். நீயும் மாப்பிள்ளையும் நல்லபடி இருப்பீர்கள், உன் அத்தையும்தான், மாமியாரை மட்டும் அம்மா விசாரிக்கவில்லை என்று நாளைக்குச் சொல்லாதே. சமையலறைக் குழாய் இன்னும் ஒழுகுகிறது, அப்பா சரிசெய்கிறேன் என்று உட்கார்ந்து இரண்டு நட்டைத் தொலைத்துவிட்டு என்னைத் தேடச் சொல்கிறார். முழங்கால் வலி பரவாயில்லை. ஞாயிற்றுக்கிழமை நீ போனில் பேசினதிலிருந்து மனசுதான் சரியில்லை, மறுபடி போனில் சொன்னால் அத்தை கூப்பிடறாங்கம்மா என்று பாதியில் வைத்துவிடுவாய், அதனால் விரைவு அஞ்சலில் அனுப்புகிறேன்.

பெண்ணைக் கட்டிக்கொடுத்த அம்மாக்கள் மாமியார் கொடுமை கேட்டு அழுவார்கள், எனக்கு மாமியார் பெருமை கேட்டுக் காது புளித்துப்போச்சு. உங்கள் நண்டுப் பண்ணையில் பெட்டிகளுக்கு வலைமூடி தைத்தது அத்தை, ஹோட்டல்காரரிடம் பேரம் பேசினது அத்தை, நீ காய்ச்சலில் கிடந்தபோது பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தது அத்தை. அந்தக் காய்ச்சலே எனக்கு அது இறங்கின பிறகுதான் தெரியும். நீ அனுப்பின படத்தில் இரண்டு பேரும் ஒரே மாதிரி ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு சிரிக்கிறீர்கள், அப்பா பார்த்துவிட்டு அம்மாவும் பொண்ணும் மாதிரியே இருக்காங்க இல்ல என்றார். அன்றைக்கு அவரே தட்டெடுத்து அவரே போட்டுச் சாப்பிட்டார். வயிறு எரிஞ்சா தண்ணி குடி என்று கிண்டல் வேறு. எரியத்தான் செய்கிறது, உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஹோட்டலுக்கு மெத்து நண்டு, ஓடு கழற்றின உடனே மெத்தென்று இருக்குமே அது, வேண்டும், எல்லா நண்டும் ஒரே சமயத்தில் ஓடு கழற்றினால்தான் ஆர்டர் தேறும், கண்காம்பை நறுக்கினால் சீக்கிரம் கழற்றும் என்று தீவனக்காரர் சொன்னார், தையல்கடை நடத்தின கை, கத்திரிக்கோலை என்கிட்ட குடு என்று அத்தை தயாராக நிற்கிறார் என்றாய். வேண்டாம் என்றேன். அவங்க எது சொன்னாலும் உனக்குப் பிடிக்காதும்மா என்று சட்டென்று சொல்லிவிட்டாய். பிடிக்காதுதான். ஆனால் நான் அறிவியல் டீச்சர், பிடிக்காத பிள்ளை சரியாக எழுதினாலும் முழு மார்க் போட்டவள், அந்த நம்பிக்கையில் மேலே படி. நண்டின் கண்ணைத் தாங்கி நிற்கிற அந்தக் காம்புக்குள் ஒரு சுரப்பி, அதில் வரும் ஹார்மோனுக்கு இன்னும் கொஞ்சம் பொறு என்று பிடித்துவைப்பதுதான் வேலை. உடம்புக்குள் இன்னொரு சுரப்பி, அதன் ஹார்மோன் ஓட்டைக் கழற்று என்று விரட்டும். காம்பை நறுக்கினால் பிடித்துவைக்க ஆளில்லை, தீவனக்காரர் சொன்னது அதுவரைக்கும் சரி. ஆனால் பொறுத்திருக்கிற அந்த நாட்களில்தான் நண்டு தின்று சத்து சேர்க்கிறது, பழைய ஓட்டுச் சுண்ணாம்பில் கொஞ்சத்தை உள்ளே இழுத்துக்கொள்கிறது, அடியில் புது ஓடு வளர்க்கிறது. பரீட்சையில் பாதி எழுதின பிள்ளையிடமிருந்து தாளைப் பிடுங்கினால் எப்படி இருக்கும், அப்படி. நறுக்கினதில் பல, ஓட்டுக்கு உள்ளே பாதி வெளியே பாதியாகச் சிக்கிச் செத்துப்போகும், உங்கள் மூன்று பேர் உழைப்பும் அதோடு போகும். கடைசிக் கால் துடுப்பு மாதிரி இருக்கிறதே, அதை வெளிச்சத்தில் பார், ஓரத்தில் சிவப்புக் கோடு ஓடினால் அந்த நண்டு தானாகவே கழற்றப்போகிறது, தனியாகப் பிரித்து வை. தேறுவதைத்தான் தர முடியும் என்று ஹோட்டல்காரரிடம் இப்போதே சொல்லிவிடு.

இன்னொன்று. அம்மா வேணாம்னு சொல்லிட்டாங்க என்று நீ அத்தை முகத்துக்கு நேராகச் சொல்வதை நினைத்து நினைத்து நேற்று முழுக்கச் சந்தோஷப்பட்டேன். பிறகுதான் உறைத்தது, ஆசையாகக் கத்திரிக்கோலைத் தீட்டி வைத்திருக்கிறவருக்கு மனசு சுருங்கிப்போகும். உனக்கு ஒன்றென்றால் நான் ரயிலேறி வருவதற்குள் பக்கத்து அறையிலிருந்து ஓடி வருவது அவர்தானே. அதனால் என் பேச்சையே எடுக்காதே, நீயே படித்துத் தெரிந்துகொண்டதாகச் சொல். கோடு பார்க்கிற வேலையை அவரிடமே கொடு, ஊசியில் நூல் கோத்துப் பழகின கண், உன்னைவிட நன்றாகப் பார்ப்பார். எல்லாம் நல்லபடி முடிந்தால் அத்தைதான்மா கண்டுபிடிச்சாங்க என்று போன் பண்ணுவாய். பண்ணு. கேட்டுக்கொள்கிறேன்.

மூன்று பேரும் நோய்நொடி இல்லாமல் நிறைவாக இருக்க எங்கள் ஆசி. கையுறை இல்லாமல் நண்டைத் தூக்காதே.

இப்படிக்கு,
உன்னைப் பெற்ற அம்மா