தூக்க மிட்டாய்

2 ஜூலை 2025, புதன். காலை 6.40. டப்பாவில் மீதி பதினொன்று.

பத்தொன்பது இருக்க வேண்டும். ராத்திரிக்கு ஒன்று என்று ஆரம்பித்தது, இப்போது மூன்று. நைட் ஷிப்ட் முடித்து வந்தால் பகலுக்குத் தனியாக ஒன்று. ஏழு மாதத்தில் இவ்வளவு முன்னேற்றம்.

ஹெம்ப் செடிச் சாற்றில் செய்த ஜெல்லி மிட்டாய். கஞ்சாவுக்கு உடன்பிறப்பு. கஞ்சா என்றால் போலீஸ் வரும். டப்பா மேல் 'விஜயா' என்று அதன் ஆயுர்வேதப் பெயரைப் போட்டால் கூரியர் வருகிறது. வாங்கும்போது வீடியோ காலில் ஒரு டாக்டர், நான்கு நிமிடம். "தூக்கம் வரலையா?" "வரலை." "பழகிப்போகுமா சார்?" என்று நானும் கேட்டேன். "இது இயற்கைங்க" என்றார். இதெல்லாம் ஒரு பதிலா?

நேற்று என் மஸ்கட் வேலைக்கான ஏஜென்ட் போன் செய்தார். ஆகஸ்ட் 11 மெடிக்கல். சிறுநீர் டெஸ்ட் உண்டு. கஞ்சா வகை எது தெரிந்தாலும் வேலை கிடையாது. என் பின்னாலேயே அங்கு வருவதற்காக என் மனைவி இனியா, தான் வேலை செய்யும் டைல்ஸ் ஷோரூமில் ராஜினாமா கொடுத்து ஒரு வாரம் ஆகிறது. இந்த மிட்டாயை வைட்டமின் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன்.

நாளையிலிருந்து கிடையாது. பிளாண்டில் சிவப்புப் பட்டனை அமுக்கினால் மெஷின் நிற்கும். அவ்வளவுதான்.

5 ஜூலை, சனி

மெஷின் நின்றது. உள்ளே எல்லாம் ஓடிக்கொண்டே இருக்கிறது. மூன்றாம் நாள். சட்டை முழுக்க வியர்வை, சோறு இறங்கவில்லை. இன்று வேலையில் ஒரு பிரஷர் கேஜைத் திருகவே மூன்று முறை முயன்றேன்.

தட்டைத் தள்ளிவிட்டேன். "ஏங்க, சோத்துல என்னா கொறை?" என்றாள் இனியா. "ஒன்னுமில்ல, விடு." "ஒன்னுமில்லாததுக்கா மூஞ்சிய இப்டி வெச்சிருக்க?" கத்திவிட்டேன். எதற்கு என்று எனக்கே தெரியவில்லை. மீன் குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

6 ஜூலை

மூணு தின்னுட்டேன். எழுத ஒன்னுமில்ல.

9 ஜூலை, புதன்

சரி, படிப்படியாகக் குறைக்கலாம். பாதி, அப்புறம் கால். குறைப்பதென்றால் முதலில் ஒன்றில் எவ்வளவு இருக்கிறது என்று தெரிய வேண்டும். லஞ்சில் பிளாண்ட் லேபுக்குப் போனேன். அங்கே வேலை செய்யும் அறிவுமதியின் தராசு மில்லிகிராம் வரை காட்டும்.

"என்னாப்பா மிட்டாய் இது? எனக்கு ஒன்னு குடேன்."

"வேணாம்."

"ரொம்பத்தான் பண்ற."

ஒரே டப்பாவில் எடுத்த ஐந்து. லேசானது 3.1 கிராம், கனமானது 4.6. எடையே இப்படி என்றால் உள்ளே இருக்கும் மருந்தின் கதை என்ன? கம்பெனி வெப்சைட்டில் சர்ட்டிபிகேட்டைத் தேடி எடுத்தேன். பேட்ச் நம்பர் வேறு. டெஸ்ட் செய்ததும் மிட்டாயை இல்லை, எண்ணெயை. போதை தருகிற டி.எச்.சி. 'கண்டறியப்படவில்லை'யாம். எந்த அளவுக்குக் கீழே கண்டறியவில்லை? அதைப் போடவில்லை.

சேதராப்பட்டில் எங்கள் பிளாண்டில் ஒரு கேஜ் இப்படி ஆடினால் ரிஜெக்ட் ஸ்டிக்கர் ஒட்டிக் கழற்றி வைப்பேன். அதுதான் என் சம்பளமே. ஏழு மாதமாக வாய்க்குள் போட்டதன் சர்ட்டிபிகேட்டை இன்றைக்குத்தான் படிக்கிறேன். டிப்ளமா ஒரு கேடு.

10 ஜூலை

புது டப்பா வந்துவிட்டது. நான் ஆர்டர் போடவில்லை. மாதாமாதம் தானாக அனுப்பும் ஏற்பாட்டுக்கு எப்போதோ டிக் அடித்திருக்கிறேன். எவ்வளவு அக்கறை!

13 ஜூலை, ஞாயிறு. காலை 10

நைட் ஷிப்ட் முடிந்து வந்தாயிற்று. வெள்ளியிலிருந்து மிட்டாய் இல்லை. இந்த முறை மூளையோடு செய்கிறேன். தூங்குவதற்கு பிராந்தி. அது போதாவிட்டால் இனியாவின் அம்மா, வசந்தா அத்தை, இங்கே விட்டுப்போன தூக்க மாத்திரை. அவங்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதானே. மெடிக்கலில் தேடுவது கஞ்சாவை. பிராந்தியை எவன் கேட்கப் போகிறான்?

பிராந்திக் கடையில் பக்கத்துத் தெருக்காரர் நின்றார். "என்னா தம்பி, காலையிலயே?" என்று சிரித்தார். அவ்வளவுதான். விழுப்புரத்திலிருந்து சொந்தக்காரன் வந்தால் கோயிலைக் காட்டும் முன்பே மலிவு சரக்குக் கடையைக் காட்டுகிற ஊர் இது. இங்கே குடி ஒரு பழக்கமே இல்லை, பானம்.

இனியா அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள். சாயங்காலம்தான் வருவாள். தூங்கி எழுந்துவிடலாம்.

15 ஜூலை, செவ்வாய். ஆஸ்பத்திரி

எழவில்லை.

இனியா சார்ஜரை மறந்துவிட்டுப் போனவள், மத்தியானமே திரும்பியிருக்கிறாள். சாயங்காலம் வந்திருந்தால்? டாக்டர் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. உதடு நீலமாக இருந்ததாம். குறட்டை விட்டு விட்டு வந்ததாம். மாடியிலிருந்து என்னைத் தூக்கி இறக்கியவன் ராஜ்கமல், எங்கள் பாய்லர் ஆபரேட்டர். சாரம் ஏரியாவில் எங்களுக்கு அடுத்த தெருவில்தான் அவன் வீடு.

"யோவ், பாய்லர் மூடிய கூட ஒத்த ஆளா தூக்கிருவேன்யா. நீ என்னாத்தத் தின்ற?" என்றான் இன்று. சிரித்துக்கொண்டே சொன்னான். கண் சிரிக்கவில்லை.

மிட்டாயை மட்டும் நிறுத்தியிருந்தால் தூக்கம் கெடும், எரிச்சல் வரும், அதற்காகப் பொதுவாக யாரும் சாவதில்லையாம். சரக்கையும் தூக்க மாத்திரையையும் சேர்த்தால் மூச்சு நிற்கும். நிறுத்துகிறேன் என்று நான் தேர்ந்தெடுத்தது இரண்டாவதை.

இனியா டப்பாவைப் பார்த்துவிட்டாள். "வைட்டமின்னு சொன்ன." அது மட்டும்தான். இன்னும் நாலு வார்த்தை திட்டியிருக்கலாம்.

17 ஜூலை, வியாழன்

போதைப் பழக்கம் விடுவிக்கும் பிரிவில் ஓபி. டாக்டருக்கு என் வயதுதான் இருக்கும்.

"சிறுநீர் எத்தனை நாள்ல சுத்தமாகும்?" என்றேன். முதல் கேள்வியே அதுதான்.

"தினமும் எடுத்தவங்களுக்கு ஒரு மாசம், அதுக்கு மேலயும் ஆகலாம். தேதியெல்லாம் குடுக்க முடியாது. நீங்க எதுக்கு நிறுத்தறீங்க? உங்களுக்கா, டெஸ்ட்டுக்கா?"

ஆகஸ்ட் 11 மெடிக்கல் என்றேன். அவர் அதைக் குறித்துக்கொள்ளவில்லை.

"திடீர்னு நிறுத்தி ரெண்டு வாட்டி பாத்துட்டீங்க. உங்களுக்கு மெதுவா இறக்கலாம். மில்லிகிராம் கணக்கு போடாதீங்க, அந்த டப்பாவ நம்பி கணக்கே கிடையாது. மொதல்ல பகல்ல எடுக்கறத விடுங்க. அப்புறம் ராத்திரிக்குள்ளத வாராவாரம் கொஞ்சம் கொஞ்சமா. டப்பா உங்ககிட்ட இருக்கக் கூடாது. புதுசு வாங்கவே கூடாது. சரக்கு ஒரு சொட்டு கூடாது, அடுத்தவங்க மாத்திரை கூடாது. உயரத்துல ஏற வேணாம், வண்டி ஓட்ட வேணாம்."

கடைசி இறக்கத்துக்குப் பிறகு முதல் வாரம்தான் மோசம் என்றார். மூன்று வாரத்தில் பெரும்பாலும் அடங்கும், தூக்கம் மட்டும் இன்னும் இழுக்கலாம். கெட்ட கனவு வரும். வாந்தி நிற்காவிட்டாலும், வலிப்பு வந்தாலும், செத்துப்போகலாம் என்று தோன்றினாலும் உடனே கேஷுவாலிட்டி.

"அப்படித் தோணுதா?" என்று நேராகவே கேட்டார். இல்லை என்றேன். உண்மைதான். கோபம்தான் வருகிறது.

22 ஜூலை, செவ்வாய்

இனியா மூலக்குளத்தில் அவள் அம்மா வீட்டில் இருக்கிறாள். டப்பாவும் அங்கேதான். சாயங்காலம் வேலை முடிந்து ஸ்கூட்டரில் வருகிறாள், ஹெல்மெட்டைக் கழற்றாமல் வாசலில் நின்று அன்றைய பங்கைத் தருகிறாள். பிரசாதம் வாங்குகிற மாதிரி கையை நீட்டுகிறேன்.

"உள்ள வாயேன்."

"அம்மா தனியா இருக்கு."

வசந்தா அத்தை முப்பது வருடம் தனியாக மீன் விற்றுக் குடும்பம் நடத்தியவங்க. அவங்களுக்கா துணை?

28 ஜூலை, திங்கள்

ராத்திரிக்கு இப்போது ஒன்றரை. கனவில் எல்லாப் பைப்பும் கசிகிறது. கேன்டீனில் ராஜ்கமல் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"மச்சி, டெஸ்ட்டுக்கு என்னோடத எடுத்துட்டுப் போ. என் ஒடம்புல டீயத் தவிர ஒன்னுமில்ல."

"சக்கரை இருந்தா?"

"அப்ப ரெண்டு பேரும் சேந்து வைத்தியம் பாத்துக்கலாம்."

பல நாளுக்குப் பிறகு சிரித்தேன். ஷிப்ட் முடிகிற வரை அதே யோசனை. சின்ன பாட்டில், உடம்புச் சூட்டில் வைத்துக்கொண்டால் போதும். செய்யக்கூடிய வேலைதான்.

1 ஆகஸ்ட்

ஒன்று. அரை மணி நேரமாக வாசலையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவளுக்காகவா, அதற்காகவா?

5 ஆகஸ்ட், செவ்வாய்

ராஜ்கமல் சொன்னதை இனியாவிடம் சொன்னேன். காறித் துப்புவாள் என்று நினைத்தேன்.

"செஞ்சிட்டுப் போலாமே" என்றாள்.

நிமிர்ந்து அவளைப் பார்த்தேன்.

"என்னாயா பாக்கற? நான் வேலைய உட்டுட்டேன். வர்ற பதினஞ்சோட முடியுது. என் எடத்துக்கு ஆளும் எடுத்துட்டாங்க. நீ வைட்டமின்னு சொல்லி ஏமாத்தின, இப்ப அந்த மஸ்கட்காரன ஏமாத்து. அது மட்டும் கசக்குதா?"

கசக்கவில்லை. அதுதான் உண்மை. நியாயம் பேசுகிற இடத்தில் நான் இல்லை.

"ஏமாத்திட்டுப் போயிடலாம். அங்க நாப்பது மீட்டர் டவர் மேல வேலை. நீ வர்ற வரைக்கும் ரூம்ல தனி ஆளு. தூக்கம் வரலன்னா என்னா பண்ணுவேன்னு எனக்குத் தெரியல இனியா. இங்க நீ பாத்த. அங்க யாரு பாப்பா?"

ஹெல்மெட்டைக் கழற்றினாள். சுவர்ப் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அழுதாளா என்று தெரியவில்லை; கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. அப்புறம், "போனப் போடு" என்றாள்.

ஏஜென்டிடம் உடம்பு சரியில்லை, வர முடியாது என்றேன். "அடுத்த பேட்ச்ல பாக்கலாம் தம்பி" என்றார். பார்க்க மாட்டார். என் இடத்துக்கு எங்கள் பிளாண்ட் விமல்ராஜ் போகிறான். நல்ல பையன், ஸ்பேனரைத் தலைகீழாகப் பிடிப்பான்.

8 ஆகஸ்ட், வெள்ளி. மாலை

முக்கால். நேற்று நாலு மணி நேரம் தூங்கினேன். இன்று இனியா வந்தாள், கொடுத்தாள், திரும்பிப் போகவில்லை. டப்பா இருக்கிற பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அரிசி களைகிறாள். மன்னித்துவிட்டாள் என்று எழுத மாட்டேன். குக்கர் விசில் வருகிறது, அவ்வளவுதான் தெரியும்.

இனி செய்ய வேண்டியது:

1. மாதாமாத ஆர்டரை இப்போதே ரத்து செய்வது. கஸ்டமர் கேர் பெண் இருபது சதவீதம் தள்ளுபடி என்பாள். வைத்துவிடுவது.
2. நாளை சூப்பர்வைசர் தணிகாசலம் சாரிடம் நேரில் போய், டேங்க் மேல் ஏற மாட்டேன், நைட் ஷிப்டும் கொஞ்ச நாளுக்கு வேண்டாம் என்பது. காரணம் கேட்டால் அதையும் சொல்வது. சூப்பர்வைசருக்குத் தெரியாமல் உயரத்தில் ஆடுவதைவிட அது மேல்.
3. ஷோரூமில் வேறு கிளையில் இடம் இருக்கிறதா என்று இனியா கேட்கப் போகிறாள். கூடப் போவது. வாய் திறக்காமல் வெளியே நிற்பது.
4. வியாழன் ஓபி. தனியாகப் போவதில்லை.
5. தூக்கம் வராவிட்டால் அவளை எழுப்புவது. திட்டுவாள். எழுப்புவது.