அரசு சார்பில் நான்

ஜூலை 7, திங்கள்

காலையிலிருந்து ஒரே காற்று. கொடியில் காயப்போட்ட சீருடை பக்கத்து மாடிக்குப் பறந்துவிட்டது. ஈரத்தோடே போட்டுக்கொண்டு பள்ளிக்கு.

வெள்ளிக்கிழமை எங்கள் வகுப்பில் மாதிரி உச்ச நீதிமன்றம். சுமதி டீச்சர்தான் நீதிபதி. வழக்கு: வேறு மாநிலத்திலிருந்து வந்த பிள்ளைகளை டி.சி. இல்லாமலே ஒன்பதாம் வகுப்பில் சேர்க்க வேண்டும் என்று பெற்றோர் போட்ட மனு. எல்லாக் கைகளும் மனுதாரர் பக்கம். அரசுக்கு ஆளே இல்லை.

"ஏங்கண்ணு, அரசாங்கத்துக்கு ஒரு வக்கீல் வேண்டாமா? நீ வர்றியா?" டீச்சர் என்னைத்தான் பார்த்தார்.

பின்னாலிருந்து கவின்: "அவளே வரட்டுங்க டீச்சர். தூத்துக்குடி வக்கீலம்மா. 'ஏலே நீதிபதி'ம்பா."

சிரிப்பு. எழுந்து நின்று சரி என்றேன். பாதி ரோஷம்.

ரோஷ்ணி மட்டும் சிரிக்கவில்லை. என் பெஞ்சு. பீகார்க்காரி, ஆனால் இங்கே அங்கன்வாடியில் வளர்ந்ததால் கொங்குத் தமிழ் என்னைவிட நன்றாக வரும். இரண்டு வருடம் ஊரில் படித்துவிட்டு ஜூனில்தான் திரும்பினாள். அங்கிருந்து டி.சி. இன்னும் வரவில்லை. வந்ததும் கொடுத்தால் போதும் என்று ஹெச்.எம். சேர்த்துக்கொண்டார். அவள் வரும்வரை மதியச் சாப்பாடு எனக்குத் தனியாகத்தான். வேப்பமரத்தடியில்.

"உனக்கு வருத்தமா?"

"எனக்கென்னுங்க வக்கீலம்மா. நல்லாப் பேசோணும், அவ்வளவுதான்."

ஜூலை 8, செவ்வாய்

தூறல். அம்மாவுக்குப் பனியன் கம்பெனியில் ஓவர்டைம். அப்பா பிரிண்டிங் கம்பெனியில் நைட் ஷிப்ட். வீட்டில் நானும் ஃபேனும்.

அம்மாவின் பழைய போனில் உச்ச நீதிமன்ற நேரலை. ஆங்கிலம் பாதி புரியவில்லை. திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தேன். குறிப்புகள்:

– அட்டர்னி ஜெனரல்: நாட்டின் முதல் வக்கீல். நாடாளுமன்றத்தில் பேசலாம், ஓட்டுப் போட முடியாது. பாவம்.
– அடுத்து சொலிசிட்டர் ஜெனரல். அவருக்குக் கீழே கூடுதல் சொ.ஜெ. பல பேர்.
– 'நான் நினைக்கிறேன்' என்று சொல்வதில்லை. 'அரசின் நிலைப்பாடு இது.'
– நீதிபதி கோபப்பட்டாலும் குரல் ஏறாது. ரொம்ப மரியாதையாக ஆரம்பித்து அப்படியே மறுத்துவிடுகிறார்கள்.
– பதில் தெரியாவிட்டால் அரசிடம் கேட்டுச் சொல்வதாக அவகாசம் வாங்கலாம்.

சொல்வதை அவரே நம்புகிறாரா என்று ஒரு வக்கீலின் முகத்தில் தேடினேன். கண்டுபிடிக்க முடியவில்லை. அதுதான் திறமை போல.

முட்டை வாங்க மறந்துவிட்டேன்.

ஜூலை 10, வியாழன்

கிடைத்துவிட்டது! நூலகத்தில், கல்வி உரிமைச் சட்டப் புத்தகம். டி.சி. தாமதமானாலும் பிள்ளையைச் சேர்க்க வேண்டும் என்று இருக்கிறது. ஆனால் எட்டாம் வகுப்பு வரைதான். ஒன்பதைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

சாப்பாட்டு நேரத்தில் ரோஷ்ணியிடம் முழுவதும் பேசிக் காட்டினேன். அவள் டப்பாவில் உருளைக்கிழங்கு.

"கடைசி பெஞ்சுக்குக் கேக்காது. சத்தமாச் சொல்லு. அந்த 'உரிமை இல்லை'ங்கற இடத்துல கொஞ்சம் நிறுத்து."

நிறுத்திப் பார்த்தேன். நன்றாகத்தான் இருந்தது.

ஜூலை 11, வெள்ளி

வெயில். ஜெயித்துவிட்டேன்.

மனுதாரர் வக்கீல் ஹரிணி. பிள்ளைகள் பாவம் என்று சொல்லிச் சொல்லி அழுகிற நிலைக்கே போய்விட்டாள். பிறகு நான். "கனம் நீதிபதி அவர்களே, பரிவு வேறு, உரிமை வேறு. டி.சி. இல்லாமல் ஒன்பதாம் வகுப்பில் உட்கார எந்த மாணவருக்கும் சட்டப்படி உரிமை (நிறுத்தம்) இல்லை. இதுவே அரசின் நிலைப்பாடு."

மனு தள்ளுபடி. கைதட்டல். ரோஷ்ணியும் தட்டினாள், பார்த்தேன்.

கவின்: "வக்கீலம்மா, எங்கப்பனுக்கு ஒரு கேஸு இருக்குது, வர்றீங்களா?" இந்த முறை அதில் கிண்டல் இல்லை.

அம்மாவுக்குப் போன் செய்தேன். பின்னால் மெஷின் சத்தம். "சரிட்டி, சோறு வடிச்சு வச்சிருக்கேன், தின்னு." என்ன சொன்னேன் என்றே கேட்டிருக்காது. வேறு யாரிடம் சொல்வது? கண்ணாடி முன்னால் நின்று இன்னொரு தடவை முழுவதும் பேசினேன்.

ஜூலை 14, திங்கள்

ரோஷ்ணி வரவில்லை. வேப்பமரத்தடி. புளிசாதம், பாதி கொட்டிவிட்டேன்.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும் வரவில்லை. பள்ளி விட்டதும் அவள் வீட்டுக்கு. பனியன் கம்பெனிக்குப் பின்னால், லைன் வீடுகளில் கடைசி.

தரையில் குழந்தைகளுக்கான பனியன் மூட்டை. உட்கார்ந்து பிசிர் நூல் வெட்டிக்கொண்டிருந்தாள்.

"காய்ச்சலா?"

"இல்லீங்க." கத்திரி நிற்கவில்லை. "அப்பாகிட்ட சொல்லிட்டேன், ஒம்பதாவதுக்குச் சட்டத்துல இடமில்லையாம்னு. அவங்களா வெளிய அனுப்புனா அவமானம், நாமளே நின்னுக்கலாம்னாரு."

"அது வகுப்புல சும்மா நடத்துனதுடி! ஹெச்.எம். உன்ன ஒண்ணும் சொல்லலையே."

"அப்ப நீ சொன்னது பொய்யா?"

பொய் இல்லை. புத்தகத்தில் இருப்பதுதான். எப்படி விளக்குவது?

"உரிமை இல்லைன்னுதான் சொன்னேன். சேர்க்கவே கூடாதுன்னு அந்தச் சட்டத்துல எங்கயும் இல்ல. ஹெச்.எம். நெனச்சா சேர்க்கலாம். உன்னச் சேர்த்தாரே."

"அத அன்னைக்குச் சொல்லலையே."

"அது எதிர்ப்பக்கம் சொல்ல வேண்டியது."

"ஹரிணி சொல்லலையே."

ஒரு பனியனை எடுத்து மடித்து வைத்தேன்.

அவள் அப்பா வேலை முடிந்து வருகிற நேரம். வரும்வரை இருக்கிறேன் என்றேன். வாசல்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அவருக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். மொழிபெயர்க்க மாட்டேன், நீயே சொல்லிக்கோ என்கிறாள். 'பள்ளியில் இடம் இருக்கிறது' என்பதை மட்டும் ஹிந்தியில் கேட்டு வாங்கினேன். ஸ்கூல் மே ஜகா ஹை. ஸ்கூல் மே ஜகா ஹை.

சந்தில் சைக்கிள் திரும்புகிறது. அவர்தான்.