பிரேக் மிதித்தால் மட்டும்

இன்று பட்டறையில் காரின் முன்சக்கரத்தையும் பிரேக் டிஸ்க்கையும் கழற்றியதும் துருவின் நாற்றம் வந்தது. டிஸ்க் உட்காரும் ஹப்பின் முகத்தில் நம் ஊர் அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து, மழையில் நனைந்து, துருவோடு சேர்ந்து இறுகியிருந்தது. அதைச் சுரண்டாமலே புது டிஸ்க்கை மேலே வைத்து முடுக்கியிருக்கிறார்கள். நீ சொன்ன அதே இடம். அதை உன்னிடம் சொல்ல முடியவில்லை.

மாடி குவார்ட்டர்ஸிலிருந்து உன்னை இறக்கி, தினமும் புதுச்சேரி மருத்துவமனைக்கு அழைத்துப் போகத்தான் பிரேக் டிஸ்க்கை மாற்றினேன். புற்று முதுகெலும்புக்கு வந்துவிட்டதால், பின்சீட்டில் தலையணைகளுக்கு நடுவே படுத்துத்தான் உன்னால் வர முடிந்தது. ஆம்புலன்ஸ் வேண்டாம் என்றாய். “அது வந்தா பிளாக் முழுக்க வாசல்ல வந்து நிக்கும். உன் கார்ல போனா கடைக்குப் போறோம்னு நெனப்பாங்க.”

முதல் நாள் வண்டி லேசாகத்தான் ஆடியது. பிறகு நாளுக்கு நாள் கூடியது. பிரேக்கை மிதித்தால் ஸ்டியரிங் என் கைகளை உதறும். பின்னால் நீ மூச்சை அடக்குவது கேட்கும். ஒருநாள் பண்ருட்டி தாண்டி ஒரு முந்திரித் தோப்போரம் நிறுத்திவிட்டேன். அனல்மின் நிலையத்தில் டர்பைன்களின் அதிர்வை அளப்பது உன் வேலை. படுத்தபடியே விசாரிக்கத் தொடங்கினாய்.

“ஸ்டியரிங் ஆடுதா, சீட்டும் சேந்து ஆடுதா?”

“ஸ்டியரிங்தான்.”

“அப்ப முன்பக்கம். பிரேக் போடாம வேகமாப் போறப்ப?”

“ஒண்ணும் இல்ல.”

“அப்ப வீல் பேலன்ஸ் இல்ல. நான்கூட, எம்.ஏ. தமிழ் படிச்சவ பிரேக்கையும் அசை பிரிச்சு மிதிக்கிறியோன்னு நெனச்சேன்.”

சிரித்தாய். பாதியில் வலி பிடித்து நிறுத்திக்கொண்டாய்.

பட்டறைக்காரரைப் போனில் பிடித்தேன். “புது டிஸ்க்கு மேடம். ஓட்டிகினே இருங்க, செட் ஆயிடும்” என்றார். நீ கையை நீட்டிப் போனை வாங்கினாய். “புதுசு சரிதாங்க. அது உக்கார்ற எடத்த சுத்தம் பண்ணீங்களா?” அவர் குரலைத் தாழ்த்தினார். “ரெண்டு நாள் வண்டிய வுட்டுட்டுப் போங்க, பாக்கலாம்.”

அந்த இரண்டு நாள் நம்மிடம் இல்லை. மறுநாளும் உனக்குக் கதிர்வீச்சு சிகிச்சை இருந்தது. வாடகை வண்டி பிடிக்கலாம் என்றேன்.

“தெரியாத டிரைவர் முன்னாடி என்னால கத்த முடியாதுடி. ஆடட்டும். போலாம்.”

போனோம். அதன்பிறகு நீ கத்தினாய், நான் ஓட்டினேன். வீடு திரும்பியதும் அதைப் பற்றி இருவரும் பேசியதில்லை. கதிர்வீச்சு முடிந்தால் வலி குறையும் என்றார்கள். குறையுமுன்பே போய்விட்டாய். உன் குவார்ட்டர்ஸ் சாவியை உன் அண்ணன் ஒப்படைத்தாயிற்று. மாடியில் இப்போது வேறு யாருடைய துணிகளோ காய்கின்றன.

இன்று ஹப்பைத் தேய்த்து, டிஸ்க்கை லேத்தில் கடைந்து மாட்டினார்கள். பட்டறைக்காரர் பக்கத்தில் உட்கார்ந்து, “மிதிங்க மேடம்” என்றார். வண்டி ஓர் ஆட்டமும் இல்லாமல் நின்றது.

“இப்ப சரியா கீதுங்களா?”

“சரியா இருக்கு.”

தனியாகத் திரும்பி வந்தேன். வேகத்தடை தூரத்தில் தெரியும்போதே என் கால் பிரேக்குக்குப் போய்விடுகிறது. பின்னால் வருகிறவர்கள் ஹாரன் அடித்துத் திட்டிவிட்டுப் போகிறார்கள். உன் முதுகு தாங்குகிற அளவுக்குத்தான் எனக்கு இன்னும் பிரேக் பிடிக்க வருகிறது.